மற்றவர்: ஒன்று

கிட்வே
11 ஜனவரி 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை மலாமா எழுதுகிறேன். நீயும் தோட்டமும் கோழிகளும் சௌக்கியமா? மழைக்கு முட்டி வலி கூடிவிட்டதா? இங்கே ஐந்து பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. உடம்பைத் தவிர வேறெதுவும் நன்றாக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது லெங்வேயைச் சுரங்க ஆபீசிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினேழு வருஷம் கணக்கெழுதிய மனுஷனுக்கு ஒரு கவரைக் கொடுத்துக் கை குலுக்கி அனுப்பியிருக்கிறார்கள். சேர வேண்டிய பணம் எப்போது வரும் என்று கேட்டால், மேலே இருப்பவரைக் கேள் என்கிறார்கள். மேலே இருந்தவரையும் நிறுத்தியாயிற்று. இனி என் டீச்சர் சம்பளம் ஒன்றுதான்.

அதோடு போனால் பரவாயில்லை. போன வருஷம் சுரங்க வீட்டை எங்களுக்கே விற்றார்களே, அதற்கு வட்டிக்காரரிடம் வாங்கிய கடன் ஆறு லட்சம் குவாச்சாவில் நிற்கிறது. வீட்டுப் பத்திரம் அவர் பெட்டியில் இருக்கிறது. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் கட்டி முடிக்காவிட்டால் வீடு அவருக்குப் போய்விடும்.

அதனால் சிக்கனம். காலையில் ரொட்டி கிடையாது, சோளக்கஞ்சிதான். சோப்பை நூல் போட்டு நாலாக அறுக்கிறோம். கரண்ட் அடுப்பை மூட்டை கட்டிவிட்டுக் கரி அடுப்புக்கு வந்தாயிற்று. லெங்வே சர்க்கரை டப்பாவில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். மனையியல் பாடம் எடுப்பவள் நான், வீட்டில் பாடம் எடுப்பது அவர்.

நம் கசூபா பன்னிரண்டாவதுக்கு வந்துவிட்டாள். உங்கள் ஊரில் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் தீர்ந்துவிடுகிறது என்று நீ உன் மகளை இங்கே கொண்டுவந்து விட்டு இரண்டு வருஷம் ஓடிவிட்டது பார். அக்டோபர் கடைசியில் அரசுத் தேர்வு. நர்ஸ் ஆகியே தீருவாளாம். மும்பாவும் தம்பியும் அவள் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மலாமா

*

லுவிங்கு
3 பிப்ரவரி 1998

மலாமாவுக்கு,

நான் இருக்கிறேன். முட்டியும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் ஆண்டவர் துணை இருக்கட்டும்.

லெங்வேக்கு வேலை போனது கேட்டு அன்றைக்கு எனக்குக் களி இறங்கவில்லை. சொட்டை விழுந்தாலும் நல்ல மனுஷன்தான். சர்க்கரை டப்பாவில் கோடு போடுகிறாராமே. கோட்டுக்குக் கீழே இறங்கினால் எறும்புகளை வரிசையாக நிற்கவைத்து விசாரிக்கச் சொல்.

பஸ் டிரைவரிடம் மரவள்ளி மாவு அரை மூட்டையும், குழம்புக்குக் காய்ந்த புழு ஒரு வாளியும், காளானும் கொடுத்துவிட்டிருக்கிறேன். புழு இந்த வருஷம் நல்ல கொழுப்பு. டிரைவர் கை வைத்திருப்பான், வாளி விளிம்பு வரை இல்லையென்றால் அவனைக் கேள்.

கசூபாவை நன்றாக வேலை வாங்கு. தண்ணீர் சுமக்கட்டும், துணி துவைக்கட்டும். படிக்கும்போது மட்டும் விளக்கை அணைத்துவிடாதே. பக்கத்து வீட்டுக்காரி நேற்று வந்து, "பொட்டப்புள்ளைய இவ்வளவு படிக்க வச்சு என்ன பண்ணப்போற?" என்றாள். "உனக்கு ஊசி போட ஆள் வேணாமா?" என்றேன். போய்விட்டாள்.

இப்படிக்கு
அக்கா சிலேக்வா

*

கிட்வே
1 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வாளி விளிம்பு வரை இல்லை. அதுக்கென்ன, இருந்ததே பெரிசு. மூன்று வாரம் கறிச் செலவு மிச்சம்.

வெள்ளைத் தாள் வாங்குவதையும் நிறுத்திவிட்டோம். லெங்வேயின் பழைய ஆபீஸ் தாள்கள் கட்டாகக் கிடக்கின்றன, ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறார். அதன் மறுபக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். பழைய கணக்கு ஏதாவது இருக்கும், கண்டுகொள்ளாதே.

சர்ச்சில் குடும்ப வரவுசெலவு பற்றி மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். லெங்வே முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் வீட்டில் ஒரே கூட்டல் கழித்தல். நேற்று என்னிடம், "நீ முடி பின்னிக்கிறதுக்கு எவ்வளவு?" என்றார். "கசூபாதான் பின்னிவிடுறா, காசு கிடையாது" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கசூபாவுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டேன். மேசை எண் நாற்பத்தேழு. ஏப்ரல் விடுமுறைக்கு அவளை ஊருக்கு அனுப்பலாமா என்று யோசனை. உனக்கும் பார்த்த மாதிரி இருக்கும்.

உன் மலாமா

*

லுவிங்கு
27 மார்ச் 1998

மலாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தின் முன்பக்கம் படித்தேன். பின்பக்கமும் படித்தேன். கண்டுகொள்ளாதே என்றாய். காகிதம் அருமையாக இருக்கிற காலத்தில் பாதியைப் படிக்காமல் எறிய மனசு வரவில்லை.

அது பழைய கணக்கு இல்லை. போன மாசத்துத் தேதி போட்டிருக்கிறது. லெங்வேக்கு முத்து முத்தான எழுத்து. நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கே தடங்கல் இல்லாமல் படிக்க வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"சொந்தப் பிள்ளைகள்: இரண்டு. மற்றவர்: ஒன்று. மற்றவருக்குச் சாப்பாடு, சோப்பு, விளக்கு, மாதம் 24,000. ஏப்ரலில் ஊருக்கு அனுப்பிவிடலாம். மலாமா சம்மதம்."

கடைசி இரண்டு வார்த்தைக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறார்.

யார் இந்த மற்றவர்? வீட்டில் யாரையாவது குடிவைத்திருக்கிறாயா? கசூபா உன்னையும் அம்மா என்றுதானே கூப்பிடுகிறாள். அதனால் அவளைச் சொந்தப் பிள்ளைகளில் தேடினேன். அங்கே இரண்டுதான் இருந்தது. லெங்வே கூட்டலில் தப்பு பண்ணுகிற ஆள் இல்லையே.

சிலேக்வா

*

கிட்வே
9 ஏப்ரல் 1998

அக்கா,

எல்லாரும் நலம். இந்தக் கடிதத்தை கசூபா கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன், அவள் படித்திருக்க மாட்டாள்.

அந்தத் தாளை எடுத்தபோது நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. அந்த வகுப்பில் அப்படித்தான் கட்டம் போட்டுக் கொடுத்தார்களாம். கட்டத்தில் இருந்ததை அவர் நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் மனசில் ஒன்றும் கிடையாது.

ஒரு ஆறு மாசம்தான் அக்கா. புத்தகங்களெல்லாம் அவள் பையில் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். தேர்வுக்கு முன்னால் செப்டம்பரில் நானே டிக்கெட் காசு அனுப்பி வரவழைக்கிறேன். டீச்சர்கள் சேர்ந்து சீட்டு போட்டிருக்கிறோம், செப்டம்பரில் என் முறை. மொத்தமாகக் கையில் வரும். இது என் வாக்கு.

பஸ் ஸ்டாண்டில் மும்பா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "சும்மா லீவுக்குத்தான்டா போறேன்" என்று அவள் சிரித்தாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே.

மலாமா

*

கிட்வே
7 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாசமாக உன் எழுத்தைக் காணோம். உடம்பு சரியில்லையா? கசூபாவாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிறேன். குழாய் வராத நாளில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். கரி பற்றவைத்து, பையன்களைக் குளிப்பாட்டி, துவைத்துவிட்டுப் போகிறேன். தலை பின்ன ஆள் இல்லாததால் துணியைக் கட்டிக்கொண்டு போகிறேன். இந்த வேலைகள் எதுவும் லெங்வேயின் தாளில் இல்லை. சொன்னேன். "அதுக்குக் காசு போகலையே" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் மும்பா இன்னும் ஐந்து தட்டு எடுத்து வைக்கிறான். அவர் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்.

கடனில் கொஞ்சம் கட்டியிருக்கிறோம். கட்டியது வட்டிக்கே சரியாகப் போகிறது.

பதில் போடு அக்கா.

மலாமா

*

லுவிங்கு
28 ஜூன் 1998

மலாமாவுக்கு,

சுகமா? இங்கே சுகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மரவள்ளி ஊறப்போடும் நேரம், அதனால் எழுதவில்லை.

கசூபா வந்து சேர்ந்தாள். இளைத்திருக்கிறாள். விடியும் முன் படிக்கிறாள், விடிந்தால் என்னோடு கிழங்கு பிடுங்க வருகிறாள். உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏரிப்பக்கத்து மீன் வியாபாரி கபாசோவை உனக்குத் தெரியாது. இரண்டு லாரி வைத்திருக்கிறான். ஏரிக்கரையில் ஒரு பெண்டாட்டியும் இருக்கிறாள். இந்தப் பக்கம் மீன் இறக்க வரும்போது நம் முற்றத்தில் வண்டியை நிறுத்துகிறான். "அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்பான். என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவன், அக்காவாம். போன வாரம் பெரிய மாமாவிடம் ஆள் அனுப்பிவிட்டான். பரிசம் ஏழு லட்சம் என்கிறான்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "செப்டம்பர் முடியற வரைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது, அதுக்குள்ள அவ சின்னம்மா டிக்கெட் காசு அனுப்பிடுவா, புள்ள பரீட்சைக்குப் போகணும்" என்று சொல்லியிருக்கிறேன். மாமா சரி என்றார். அதற்கு மேல் என் பேச்சு எடுபடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். அந்த இருபத்து நாலாயிரம் ஒரு மாசத்துக்கா, கூடக் குறைய உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சிலேக்வா

*

கிட்வே
19 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எல்லாரும் நலம்.

ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறவனுக்குக் கொடுக்கவா நம் பிள்ளையைப் படிக்கவைத்தோம்? மாமாவிடம் சொல், கசூபாவின் இன்னொரு அம்மா சம்மதிக்கவில்லை என்று. செப்டம்பர் பதினைந்தாம் தேதி சீட்டுப் பணம் என் கைக்கு வருகிறது. அன்றைக்கே டிக்கெட் காசு பதினெட்டாயிரம் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். எண்ணி இரண்டு மாசம். மாதிரி வினாத்தாள் ஆறு இதோடு வைத்திருக்கிறேன், போட்டுப் பார்க்கச் சொல்.

நீ கேட்டதை லெங்வேயிடம் கேட்டேன். சராசரி மாசம் இருபத்து நாலாயிரம்தானாம். உனக்கும் கணக்கில் ஆர்வம் வந்துவிட்டதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

உன் மலாமா

*

கிட்வே
4 அக்டோபர் 1998

அக்கா,

நலமா? இங்கே வெயில் தாங்கவில்லை. பையன்கள் நலம். லெங்வே கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, வீட்டு நம்பரை வெள்ளையில் எழுதியிருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சீட்டுப் பணம் வந்த அன்று சாயங்காலம் வட்டிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாச வட்டி நின்றுபோயிருந்தது, எனக்கே தெரியாது. "பொண்டாட்டி சம்பாதிக்கிற வீடுதானே, அவங்க வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். லெங்வே என் கைப்பையைத் திறந்து உறையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இன்னும் ஆறு லட்சம் அப்படியே நிற்கிறது. டிக்கெட் காசு அனுப்ப முடியவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நீ எப்படியாவது புரட்டி அவளை ஏற்றி அனுப்பு. ஆடு இருக்கிறதே, அதை விற்றால் வராதா? வந்துவிட்டால் போதும், என் தட்டில் பாதியைக் கொடுத்தாவது பார்த்துக்கொள்கிறேன்.

மலாமா

*

லுவிங்கு
18 அக்டோபர் 1998

திருமதி லெங்வே அவர்களுக்கு,

நலம். உங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்ன ஆட்டை, கசூபாவுக்குச் சீருடையும் பெட்டியும் வாங்கி உங்கள் வீட்டுக்கு அனுப்பியபோதே விற்றாயிற்று.

உங்கள் கடிதத்தை கசூபாவே படித்துக் காட்டினாள். என் கண் இப்போது மங்கல். பெயின்ட் வரி வந்ததும் நிறுத்தி, "பச்சைன்னா கரும்பச்சையா, இளம்பச்சையா?" என்று கேட்டாள். பிறகு கடைசி வரை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்தாள வரச் சொல்லுங்கம்மா" என்றாள். நான் தடுத்திருக்கலாம். நாலு வீட்டில் கடன் கேட்டிருக்கலாம். என் கோபம் என்னைக் கேட்க விடவில்லை. அந்தப் பாவத்தில் என் பங்கை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

நேற்று கல்யாணம் முடிந்தது. இன்று காலை லாரியில் போனாள். புத்தகங்களை எடுத்துப்போகவில்லை.

இந்தக் கடிதத்தையும் பணத்தையும் கபாசோவின் டிரைவர் கொண்டுவருவான். கணக்கு கீழே.

மற்றவர்: ஒன்று. 1996 ஜனவரி முதல் 1998 மார்ச் வரை இருபத்தேழு மாதம். மாதம் 24,000 வீதம் 6,48,000.

அன்றைய விலை குறைவாக இருந்திருக்கும், ஆனால் இன்றைய விலையே போட்டிருக்கிறேன். அவள் சுமந்த தண்ணீரையும் துவைத்த துணியையும் கழிக்கவில்லை. வீட்டு வேலை வீட்டுப் பிள்ளை செய்வது, அதற்குக் கூலி கேட்டால் அசிங்கம். மாவும் புழுவும் தங்கைக்கு அனுப்பியது, அதுவும் கணக்கில் வராது. பரிசத்தில் மீதி ஐம்பத்திரண்டாயிரத்தை மாமா எடுத்துக்கொண்டார்.

பணம் பெற்றுக்கொண்டதற்கு உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தில் ரசீது வேண்டும்.

சிலேக்வா

*

கிட்வே
15 நவம்பர் 1998

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். கசூபா நலமாக இருக்க வேண்டும். எங்கள் நலத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ரசீது உள்ளே இருக்கிறது. அவர் மறுப்பார், கூனிக் குறுகுவார், ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று நினைத்தேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். "முழுத் தொகையும் பெற்றேன்" என்று போட்டு அடியில் கோடும் போட்டார்.

அவரைச் சொல்லி என்ன? பணத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான்தான் உறையில் வைத்துத் தைத்தேன். ஒன்பது நாள் அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. முப்பதாம் தேதி நான்தான் தையலைப் பிரித்தேன். நான்தான் வட்டிக்காரர் வீட்டுக்கு நடந்துபோய் ஆறு லட்சத்தை எண்ணிக் கொடுத்துப் பத்திரத்தை வாங்கி வந்தேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. வீடு எங்களுடையதாகிவிட்டது.

தேர்வுக் கூடத்தில் கண்காணிப்புக்கு என்னைப் போட்டிருந்தார்கள். கட்டணம் கட்டியிருந்ததால் நாற்பத்தேழாம் எண் மேசையைப் போட்டிருந்தார்கள். ஆள் வராவிட்டாலும் கேள்வித்தாளை அரை மணி நேரம் மேசையில் விட்டுவைக்க வேண்டும், அது விதி. நான்தான் வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க என் பேனாவையும் மேலே வைத்தேன். அரை மணி ஆனதும் எடுத்தேன். கடைசியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர் கேட்க மாட்டார்கள், எண்ணிக்கை போதும். "வராதவர்: ஒன்று" என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவிடம் ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸ் கட்டப் பணம் இருந்தது. அப்போது நீ ஐந்தாவது வகுப்பு, நான் இரண்டாவது. "சின்னவ போகட்டும்" என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து இன்றுவரை அதை நீ ஒருமுறை கூடச் சொல்லிக்காட்டியதில்லை. இந்த வருஷம் உன் கடிதம் ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது, இதில் சொல்லியிருப்பாய் என்று பயந்துகொண்டே பிரித்தேன். கடைசிக் கடிதத்தில் அந்தக் கணக்கிலாவது வரும் என்று தேடினேன். அதிலும் இல்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி உன்னோடு சண்டை போட்டிருப்பேன்.

வட்டிக்காரருக்குக் கொடுத்ததுபோக நாற்பத்தெட்டாயிரம் மிஞ்சியது. மாவு மூட்டையும் சர்க்கரையும் வாங்கினோம். டப்பாவில் கோடு போடுவதை அவர் நிறுத்திவிட்டார். மும்பா இப்போது நாலு தட்டுதான் எடுத்து வைக்கிறான்.

அந்தப் பணத்தில்தான் இந்தத் தாளையும் வாங்கினேன். புதுத்தாள் அக்கா. பின்பக்கம் ஒன்றுமில்லை.

மலாமா